குடத்துக் கணக்கு

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (தாவரவியல்) மாணவி

ஐம்பூதங்களுள் நீரும் ஒன்று என்று தமிழ்ப் பாடத்தில் படித்தோம். இரு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் நீர் என்று வேதியியலில் படித்தோம். ஆனால் நான் பிறந்து வளர்ந்த ஊரில் நீருக்கு வேறொரு கணக்கு உண்டு. அங்கே தண்ணீரை லிட்டரில் அளப்பதில்லை, குடத்தில் அளப்பார்கள். குடத்தை நடையில் அளப்பார்கள். கோடை வந்துவிட்டால், "இன்னைக்கு எத்தனை நடை போன?" என்பதுதான் ஒரு வீட்டுப் பெண் அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கேட்கும் முதற் கேள்வி.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்னும் அறிவுரையைச் சுவர்களிலும் பேருந்துகளிலும் பார்க்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆயினும் அப்படி மிச்சமாகும் தண்ணீர் பின்னர் என்னவாக மாறுகிறது என்பதை எவரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் அது என்னவாக மாறிற்று என்பதை நம் கல்லூரி மாணவத் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

எங்கள் சீமை

இராமநாதபுரம் மாவட்டத்தில் முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. வைகையும் எப்போதாவது வெள்ளம் வந்தால் இராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். ஆண்டு மழை சுமார் 800 மில்லி மீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து போய்விடும். மற்ற மாதங்களுக்கு வானத்தைப் பார்த்துப் பயனில்லை. பூமியைத் தோண்டினாலோ பல இடங்களில் உப்புத் தண்ணீர்.

இதை அறிந்துதான் முன்னோர்கள் பயிருக்குக் கண்மாயும் குடிப்பதற்கு ஊருணியும் வெட்டினார்கள். ஊரார் உண்ணும் நீர் என்பதால் அது ஊருணி. பேரறிவாளன் கைச் செல்வத்துக்கு உவமை தேடிய வள்ளுவர், கடலையோ ஆற்றையோ சொல்லாமல் நீர் நிறைந்த ஊருணியையே சொன்னார் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு உண்டாகும். ஊருணியில் யார் அதிகமாக எடுத்தாலும் அது அடுத்தவர் பங்கு என்பது எங்கள் பக்கத்தில் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் தெரியும். எங்கள் அப்பத்தா காலத்தில் குடிநீர் ஊருணியில் கால் நனைத்தால் ஊர்க்கூட்டத்தில் அபராதம் உண்டாம். இப்போது எங்கள் ஊருணிக்கரை முழுவதும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

2019 ஆம் ஆண்டு கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு போனார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது. அப்போது பள்ளிச் சிறுமியாக இருந்த நான், தண்ணீருக்காக வரிசையில் நிற்பதும் ஒரு செய்தியா என்று நினைத்துக் கொண்டேன். எங்கள் தெருவில் அது ஒவ்வொரு நாளும் நடப்பது.

மூன்று நடை

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அப்பா கரிமூட்டம் போடும் கூலி வேலை செய்பவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அப்பத்தா, நான், என் தங்கை. இவர்களோடு இரண்டு ஆடுகள். கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு வாழை, கறிவேப்பிலை, நாலு கத்தரிச் செடி, பந்தலில் ஒரு பீர்க்கங்கொடி.

தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும். கோடையில் அதுவும் நின்றுபோகும். அப்போது அடுத்த ஊர்க் குழாய்க்குத் தள்ளுவண்டியோடு போக வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் தண்ணீர் வண்டி புதுமையாக இருக்கலாம். இரும்புச் சட்டத்தில் குடம் உட்காரும் அளவுக்கு வளையங்களை வைத்துப் பற்றவைத்து, கீழே சக்கரம் பூட்டியிருப்பார்கள். எங்கள் வண்டியில் ஏழு குடம் நிற்கும். போய், வரிசையில் நின்று, பிடித்து, தள்ளிக்கொண்டு வந்து சேர ஒரு மணி நேரம். நாளொன்றுக்கு மூன்று நடை. காலையில் இரண்டு, மாலையில் ஒன்று.

நான் பள்ளியில் படித்தவரை காலையில் ஒரு நடை என்னுடையது, மற்றொன்று அம்மாவுடையது. கல்லூரியில் சேர்ந்த பிறகு காலை 7 மணிப் பேருந்தை நான் பிடிக்க வேண்டியதாயிற்று. என் நடை தங்கையின் தலையில் விழுந்தது. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. காலை நேரத்தில் தண்ணீர் வண்டி தள்ளிவிட்டு, முதல் மணி அடித்த பிறகு பள்ளிக்குப் போய் வாசலில் நின்றாள். ஒரு வாரம் பார்த்த அம்மா, "அவ படிக்கட்டும், மூணு நடையும் நானே போறேன்" என்றார். அம்மாவின் முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. ஒரு பெண் கல்லூரிக்குப் போனால் இன்னொரு பெண்ணின் படிப்போ, தாயின் முழங்காலோ அதற்கு விலையாக வேண்டும் என்ற நிலை எங்கள் வீட்டுக்கு வந்தது.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு கணக்கு

ஆய்வகத்தில் எந்தச் சோதனையைத் தொடங்கினாலும் முதலில் அளக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை வீட்டில் செய்து பார்த்தேன். எங்கள் பிளாஸ்டிக் குடத்தை ஒரு லிட்டர் பாட்டிலால் நிரப்பிப் பார்த்ததில் சரியாகப் 15 லிட்டர் பிடித்தது. பிறகு ஒரு வாரம், எந்த வேலைக்கு எத்தனை குடம் போகிறது என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

குடிக்கவும் சமைக்கவும் 2 குடம். பாத்திரம் கழுவ 3. ஐந்து பேர் குளிக்க 5. துணி துவைக்கச் சராசரியாக 4. கழிப்பறைக்கு 3. ஆட்டுக்கு 1. செடிகொடிகளுக்கு 3. ஆக மொத்தம் 21 குடம். அதாவது 315 லிட்டர்.

ஆட்டையும் செடியையும் கழித்தால் மனிதர்களுக்கு 17 குடம், 255 லிட்டர். ஆளுக்கு 51 லிட்டர். 2019 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுத்திருக்கிறது. அதைவிடக் குறைவாகத்தான் எங்கள் வீட்டில் செலவாகியிருக்கிறது. எந்தப் பாடநூலும் படிக்காத அம்மா, அரசாங்கத்தின் அளவுக்குள்ளேயே குடும்பத்தை நடத்தியிருக்கிறார்! இத்தகைய வீட்டில் போய், "குறைவாகக் குளியுங்கள், குறைவாகக் குடியுங்கள்" என்று சொல்வது தகாது. குறைக்க அங்கே இடமில்லை.

ஆனால் நோட்டுப் புத்தகத்தை உற்றுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அத்தனை தண்ணீரும் ஒரே ஒரு வேலை செய்துவிட்டு மண்ணுக்குள் போய்விடுகிறது. தண்ணீரைக் குறைக்க முடியாது. ஆனால் ஒரே தண்ணீரை இரண்டு வேலை செய்ய வைக்க முடியும்.

ஒரே தண்ணீர், இரண்டு வேலை

முதலில் துணி. சோப்பு போட்டு அலசிய முதல் தண்ணீரை விட்டுவிட்டு, கடைசியாக அலசும் தண்ணீரையெல்லாம் ஒரு பழைய டிரம்மில் ஊற்றி வைத்தோம். கழிப்பறைக்கு அது போதும். 3 குடம் மிச்சம். கழிப்பறை கட்டிக் கொடுத்த பின்னும் தண்ணீர் இல்லாமல் அதைப் பூட்டிச் சாமான் போட்டு வைத்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. அவர்களுக்கும் இந்த டிரம் உதவியிருக்கிறது.

அடுத்தது பாத்திரம். ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவுவதற்குப் பதிலாக, தேய்த்த பாத்திரங்களை எல்லாம் ஓர் அகன்ற சட்டியில் முக்கி எடுத்து, கடைசியில் ஒருமுறை மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினோம். 3 குடம் 2 ஆயிற்று.

மூன்றாவது குளிக்கும் தண்ணீர். அதைக் கொல்லைக்குத் திருப்பலாம் என்றபோது, சோப்புத் தண்ணீர் பட்டால் செடி பட்டுப்போகும் என்று அம்மா தயங்கினார். அப்பத்தாதான் தீர்ப்புச் சொன்னார்: "ஏத்தா, அந்தக் காலத்துல கெணத்தடி வாழைக்கு யாரு தனியாத் தண்ணி ஊத்துனா? குளிச்ச தண்ணியிலதான குலை தள்ளுச்சு!" அப்பா குளியல் கல்லிலிருந்து ஒரு சிறு வாய்க்கால் வெட்டினார். வழியில் முழ ஆழத்தில் ஒரு குழி தோண்டி, அடியில் சரளைக் கல், அதன்மேல் கரித்துண்டு, அதற்கு மேல் மணல் நிரப்பினார். குழியைச் சுற்றிக் கல்வாழையும் சேம்பும் வைத்தோம். அழுக்கு அங்கே தங்கிவிட, தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் போய்ச் சேர்ந்தது.

அம்மாவின் அச்சத்திலும் ஓர் உண்மை உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். துணிக்குப் போடும் சோப்புத்தூளில் சோடியம் உப்புகள் மிகுதி. எங்கள் பக்கத்து மண்ணில் ஏற்கெனவே உப்பு உண்டு. சோடியம் சேரச் சேரக் களிமண் துகள்கள் பிரிந்து, மண் இறுகி, நீர் உள்ளே இறங்காமற் போகும். ஆகையால் துணி துவைத்த முதல் தண்ணீரைச் செடிப்பக்கம் விடுவதில்லை. குளித்த தண்ணீரையும் மரத்தின் வேர்ப்பகுதிக்குத்தான் விடுகிறோம்; இலையோடு பறித்துச் சமைக்கும் கீரைப்பாத்திக்கு விடுவதில்லை.

கொல்லையில் கற்ற தாவரவியல்

செடி தான் உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பங்கைத்தான் தன் உடலில் வைத்துக்கொள்கிறது. மீதியை இலைத்துளைகள் வழியாக ஆவியாக விட்டுவிடுகிறது என்று நீராவிப்போக்குப் பாடத்தில் படித்தோம். இதை நாம் தடுக்க இயலாது. ஆனால் செடியின் வேருக்கே போகாமல் வெயிலில் மண்ணிலிருந்து ஆவியாகும் நீரைத் தடுக்க இயலும்.

அம்மா செடியடியை அடிக்கடி களைக்கொத்தால் மேலாகக் கொத்திவிடுவார். எதற்கு என்று கேட்டால், "கொத்திவிட்டா ஈரம் காயாது" என்பார். மண்ணிலுள்ள நுண்புழைகள் வழியாக நீர் மேலேறி ஆவியாகிறது, மேல்மண்ணைக் கிளறினால் அந்தப் புழைகள் அறுந்துபோகின்றன என்ற விளக்கம் எனக்கு வகுப்பறையில்தான் கிடைத்தது. எப்படி என்பதை அம்மா அறிந்திருந்தார். ஏன் என்பதைக் கல்லூரி சொல்லிற்று. அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "இதுவும் புஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டு அவர் சிரித்ததை என்னால் மறக்க முடியாது.

கொத்திய மண்ணின் மேல் பனையோலைச் சருகும் வைக்கோலும் பரப்பி மூடாக்குப் போட்டோம். தண்ணீர் ஊற்றும் நேரத்தை உச்சி வேளையிலிருந்து மாலைக்கு மாற்றினோம். கத்தரிச் செடிகளுக்கு நடுவே ஒரு மண்பானையைக் கழுத்தளவு புதைத்தோம். மெருகு பூசாத மண்பானையின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. சுற்றிலும் மண் காய்ந்தால் அது பானை நீரை மெல்ல இழுத்துக்கொள்ளும். மண் ஈரமாக இருந்தால் இழுப்பும் குறைந்துவிடும். செடிக்கு வேண்டியபோது வேண்டிய அளவு தானே கிடைக்கிறது. சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்முறையைக் கையாண்டிருக்கிறார்கள். நாங்கள் செலவழித்தது ஒரு பழைய பானை மட்டுமே. வாயை மூடி வைக்க மறக்கக் கூடாது. இல்லையேல் கொசு வளரும்.

செடிகளுக்கென்று தனியே கொண்டு வந்த 3 குடமும் இவ்வாறு மிச்சமாயின. பானையை நிரப்பக்கூட அரிசியும் காய்கறியும் கழுவிய தண்ணீரே போதுமானதாக இருந்தது.

மிச்சமான ஒரு மணி

கழிப்பறைக்கு 3, பாத்திரத்தில் 1, செடிக்கு 3. கூட்டினால் 7 குடம். எங்கள் வண்டி கொள்வதும் 7 குடம். அதாவது ஒரு நடை முழுவதுமாக நின்றுவிட்டது! காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று அம்மாவுக்கும் பாரம் குறைந்தது. தங்கை காலை நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். முதல் மணிக்கு முன்பே பள்ளிக்குப் போனாள். பத்தாம் வகுப்பில் தேறி இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

105 லிட்டர் தண்ணீர் மிச்சம் என்று சொன்னால் அது ஓர் எண். நாளுக்கு ஒரு மணி, மாதத்துக்கு 30 மணி, ஒரு பெண் பிள்ளைக்குப் படிக்கக் கிடைத்தது என்று சொன்னால் அதன் மதிப்பு விளங்கும். தண்ணீரைச் சுமப்பவர் வீட்டில், மிச்சமாகும் தண்ணீர் நேரமாக மாறுகிறது. இதையே இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறேன்.

கூரை தரும் கொடை

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். இந்தச் சிறு சூத்திரத்தை ஒவ்வொருவரும் மனத்தில் கொள்ள வேண்டும். எங்கள் ஒட்டுக்கூரைத் தளம் 25 சதுர மீட்டர். 800 மில்லி மீட்டர் மழையில் அதன் மேல் விழுவது 20,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 16,000 லிட்டர். ஆயிரம் குடத்துக்கு மேல்! இப்போதைய எங்கள் செலவான நாளுக்கு 14 குடம் என்ற கணக்கில் இரண்டரை மாதத் தேவை அது.

அத்தனையையும் சேமிக்க எங்களிடம் தொட்டி இல்லை என்பதும் உண்மைதான். 1,000 லிட்டர்த் தொட்டி ஒன்றுதான் வாங்க முடிந்தது. முதல் மழையில் தளத்தைக் கழுவி விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து துணி கட்டி, மணலும் கரியும் நிரப்பிய வாளி வழியாக வடிகட்டிப் பிடிக்கிறோம். குடிப்பதற்குக் காய்ச்சிக் கொள்கிறோம். கரிமூட்டக் கூலியான அப்பாவின் கரி எங்கள் வீட்டுத் தண்ணீரையும் சுத்தம் செய்கிறது. தொட்டி நிறைந்தபின் வழிவதைக் கொல்லைக் குழிக்கு விடுகிறோம். மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கித் தமிழ்நாடு 2003 ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. ஆனால் சட்டத்துக்காக அமைத்த குழாய் பல வீடுகளில் உடைந்து தொங்குகிறது. குழி குப்பையால் அடைபட்டிருக்கிறது. ஆடி மாதத்தில் ஒருமுறை தூர் எடுத்தால் ஐப்பசிக்கு ஆயத்தமாகிவிடும்.

யாருடைய பங்கு?

வீட்டுக்குள் மிச்சம் பிடித்தால் மட்டும் போதாது. எங்கள் தெருவின் மேல்கோடியில் சில வீடுகளில் குழாயோடு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். அங்கே தொட்டி நிரம்பி வாசலில் வழியும் நேரத்தில், கீழ்கோடியில் குழாய் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருக்கும். வழிந்தோடும் அந்தத் தண்ணீர் கீழ்கோடியில் யாரோ ஒரு பெண்ணுக்கு ஒரு நடையாக முடிகிறது. ஊருணியில் அடுத்தவர் பங்கை எடுக்கக் கூடாது என்று அறிந்த ஊர், குழாய் வந்ததும் அதை மறந்துவிடலாமா?

நம் கல்லூரியிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கைகழுவும் இடத்தில் ஒரு குழாய் நிறுத்தினாலும் சொட்டிக்கொண்டே இருந்தது. அரை லிட்டர் பாட்டிலை அதனடியில் வைத்தேன். 40 நிமிடத்தில் நிறைந்தது. நாளுக்கு 18 லிட்டர். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் குழாய்க்குத் தெரியாது. ஆண்டுக்கு 6,570 லிட்டர், அதாவது 438 குடம். எங்கள் வண்டிக்கு 62 நடைக்கு மேல். ஒரு சிறு வாஷர் மாற்றினால் தீரும் காரியம் அது. வேதியியல் ஆய்வகத்தில் வாலை வடிக்கும்போது குளிர்விக்கும் குழாய் வழியாக ஓடிச் சாக்கடையில் விழும் தண்ணீர் சற்றும் அழுக்குப் படாதது. அதை ஒரு ரப்பர்க் குழாயால் வாளியில் பிடித்தால், நம் தாவரவியல் தோட்டத்துக்கு வேறு தண்ணீரே வேண்டியிராது. நாட்டு நலப்பணித் திட்டத் தோழர்கள் இவ்விரண்டையும் இவ்வாண்டே எடுத்துச் செய்யலாம் என்பது என் பணிவான வேண்டுகோள்.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நமக்காக வீட்டில் யாரோ ஒருவர் நம் பங்குக் குடத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, அதன்பின் அவர்களுக்கு நன்றி செய்யலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நாம் கற்ற அறிவியல் இன்றைக்கே அவர்களின் பாரத்தில் ஒரு குடத்தையேனும் இறக்கி வைக்கும். அதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு லிட்டர் பாட்டிலும், ஒரு வாரப் பொறுமையும் போதும். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுக் குடத்தை அளந்து பாருங்கள்.